என் பக்கத்து பிரேக்கும் டாக்டரம்மாவின் மாத்திரையும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கு நீ சுகமாக இருப்பாய், கோபமாகவும் இருப்பாய் என்று தெரியும். கோபம் உடம்புக்கு ஆகாது என்பார்கள், உனக்கு மட்டும் அது நன்றாக ஒத்துக்கொள்கிறது, ஆகையால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் போனை எடுப்பதே இல்லை என்று நீ உட்கார்ந்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூட நாளில் எழுதிய லீவு லெட்டருக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த லீவு லெட்டர்களிலும் வயிற்று வலி என்றுதான் இருக்கும். அவற்றை எழுதிக் கொடுத்ததும் நீதான்.

கடைசியாகப் போனில் நீ போட்ட போடு இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிற, கூடப் பொறந்தவளுக்குன்னா மட்டும் உனக்கு வயித்தைக் கலக்குது. என் பையன் லீவுக்கு வந்ததும் அவங்கப்பாவோட காரை வித்துடறேன்னு சொல்லிட்டான். ஓட்டத் தெரியாம சும்மா வச்சிருந்து என்னம்மா பண்ணப் போறேங்கறான். வித்ததுக்கப்புறம் நீ சாவகாசமா வந்து காலி ஷெட்டைப் பாத்துட்டுப் போ." இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள்தான். மாமா போன பிறகு நீ வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துத் துடைத்து வைத்த கார். அதை நீயே ஓட்ட வேண்டும், அதுவும் என்னைத் தவிர வேறு யாரிடமும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா? பெருமை நெஞ்சில் இருக்கிறது, பிரச்சினை அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

போனிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நான் பட்ட பாட்டை நீயும் மறந்திருக்க மாட்டாய். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உன்னை உட்காரவைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து அதுதான் ஸ்டீயரிங் என்றும், காலடியில் மூன்று செருப்பைப் போட்டு கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்றும் சொன்னேன். "மெதுவா, மெதுவா" என்று நான் இங்கே கத்த, நீ அங்கே பிரேக்கை மிதித்த மிதியில் அந்தச் செருப்பு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. "பிரேக் பிடிக்கல, பறந்துடுச்சு" என்று நீ சொன்னதை என் மாணவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் கிளட்சை விடும் பதம் உனக்குச் செருப்பிலேயே வந்துவிட்டது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நான் வரவே முயற்சி செய்யவில்லை என்று மட்டும் நினைக்காதே. உன் ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மலையேறி இறங்கும் வரைக்கும் எங்கேயும் நிற்காத பஸ், வழியில் ஒரு கழிப்பறை கிடையாது என்ற நினைப்பு மனசில் வந்ததுதான் தாமதம், வயிற்றுக்குள் கடமுடவென்று யாரோ பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் நம் ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை. டிரைவரிடம் போய், "தம்பி, ஒரு ஓரமா நிறுத்துப்பா" என்று கெஞ்சினேன். அவன் திரும்பிப் பார்த்து, "மாஸ்டர், நீங்களா! நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, கண்ட இடத்துல நிறுத்தக் கூடாதுன்னு" என்கிறான். என்னிடம் படித்த பையன்! ரொம்ப நன்றாகப் படித்திருக்கிறான். பெட்ரோல் பங்க் வந்த பிறகுதான், அதுவும் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி ஓரங்கட்டி நிறுத்தினான். நான் பெட்டியோடு இறங்கி ஓடினேன். பஸ் போய்விட்டது. நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன், கையில் உனக்காக வாங்கின இருக்கைத் தலையணை, நீ குள்ளமாச்சே, ரோடு தெரிய வேண்டுமே என்று.

இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை காலம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன் என்று நீ கேட்கலாம். என் வண்டி எந்தத் தெருவில் போனாலும் அந்தத் தெருவில் எங்கே பங்க் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியின் பின்வாசல் திறந்திருக்கும், எந்த ஓட்டலில் டீ குடிக்காமலே உள்ளே விடுவார்கள் என்பது எனக்கு அத்துபடி. பாடத்தையும் அதற்குத் தக்கபடி அமைத்துக்கொண்டேன். இரண்டு வண்டிக்கு நடுவே நுழைத்து நிறுத்தும் பாடம் எப்போதும் பொதுக் கழிப்பறை வாசலில்தான். "நீ வண்டியைச் சரியா நிறுத்திவை, நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். போன மாதம் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாஸ்டர், உங்க ஸ்கூல் ஆளுங்க எல்லாம் நல்லாத்தான் ஓட்டறாங்க. ஆனா கழிப்பறையைக் கண்டா மட்டும் யாரும் சொல்லாமலே ஓரங்கட்டிடறாங்களே, அது என்ன?" என்று கேட்டார். எல்லாம் பழக்கம்தான் சார் என்றேன்.

உன் போன் வந்த மறுநாளே என் வீட்டுக்காரி என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு டாக்டரம்மா, நம் வீட்டுப் பிள்ளைகள் வயசுதான் இருக்கும், இந்த மாதிரி வயிற்றுக்காரர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார். நரம்பு வலிக்கென்று ஏற்கெனவே இருக்கிற மாத்திரையாம், அது என்னுடையது போன்ற கோபக்காரக் குடலுக்கும் கேட்குமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். "என் வலி வயித்துல, நரம்புல இல்லையேம்மா" என்றேன். நான் டிரைவிங் மாஸ்டர் என்று தெரிந்துகொண்டு அந்தப் பெண் அழகாகச் சொன்னார். "உங்க குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல, எல்லாம் பாத்தாச்சு. ஆனா அங்கேருந்து மூளைக்குப் போற நரம்பு, ஹார்ன் மேல வச்ச கையை எடுக்கவே மாட்டேங்குது. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அடிக்குது. இந்த மாத்திரை அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்குதான்னு பாக்கறோம்." எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊர் சந்தியில் நின்று ஹார்ன் அடிக்கும் அத்தனை பேரும் என் வயிற்றுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் அக்கா, விஷயம் அத்தோடு முடியவில்லை. சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். "சரி, உங்களுக்காவது தெரியுமில்லையா?" என்று கேட்டேன். "எனக்கே தெரியாது சார். தெரிஞ்சா என் முகத்தைப் பாத்து நீங்க கண்டுபிடிச்சுடுவீங்க. எல்லாரும் முடிச்ச பிறகுதான் பிரிச்சுப் பாப்போம்" என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். இவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற முதல் டாக்டர் இவங்கதான். பேசாம சேருங்க" என்றாள். சேர்ந்தேன். அப்புறம் டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். "தலைச்சுத்தல் வரலாம், தூக்கம் வரலாம். அதனால இது முடியற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது." டிரைவிங் மாஸ்டரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது! "பக்கத்துல உட்காந்து சொல்லிக் குடுக்கலாமா?" என்றேன். "பிரேக் பிடிக்க வேண்டியது வந்தா? கொஞ்ச நாள் போகட்டும், எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார். அதனால் என் இருக்கையில் என் வீட்டுக்காரி ஏறிவிட்டாள். அவளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்.

முதல் மாத்திரை போட்டேனோ இல்லையோ, வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. "நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா மருந்து, கசக்கலன்னா மாவு" என்றாள் இவள். வைத்துப் பார்த்தேன். அது கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை, நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாக்கை நீட்டியபடி நான் வீட்டைச் சுற்றி ஓட, அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்து, "வலி பத்துக்கு எவ்வளவு சார்?" என்கிறார். "அவ் அவ்" என்றேன். "ரொம்ப அதிகமா சார்?" என்று அந்தப் பெண் பதறிப்போய்விட்டது. அப்புறம் ஒவ்வொரு வாரமும் இதே கேள்விதான். பத்துக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? மார்க் போடுவதில் நான் கறார் என்று உனக்குத் தெரியும், சுலபத்தில் யாரையும் பாஸ் பண்ணிவிட மாட்டேன். வலிக்கும் அப்படித்தான் குறைத்துக் குறைத்துப் போட்டேன். இவள் சமையலறையிலிருந்து, "கூடப் போடுங்க, காலையில எழுந்து உக்காந்து முனகினது யாரு?" என்று கத்துவாள்.

மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு நிச்சயமானது வகுப்பில்தான். ஓட்டக் கூடாது என்பதால் மாணவர்களுக்குப் பலகையில் விதிமுறைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பது அன்றைய பாடம். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது நான் மேசை மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறேன், வகுப்பு காலி, யாரோ புண்ணியவான் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பலகையில் "பாடம் நன்றாகப் புரிந்தது மாஸ்டர்" என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், "நிஜ மாத்திரைதான்! தூங்கிட்டேன்!" என்று குதித்தேன். இவள் அசையவில்லை. "நீங்க மாத்திரை போடறதுக்கு முன்னாடியும் மத்தியானம் தூங்கறவர்தானே" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா, வயிறு நிஜமாகவே அடங்கிவந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடைத்தெருவுக்குப் போய், பங்க் எங்கே என்று தேடாமல் திரும்பி வந்தேன். முடிவெட்டும் கடையில் தலையைக் கொடுத்துவிட்டுப் பாதியில் எழுந்து ஓடாமல் முழுசாக உட்கார்ந்திருந்தேன், கடைக்காரரே ஆச்சரியப்பட்டுப் போனார். உன்னைப் பார்க்க வந்துவிடலாம் என்ற தைரியம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட்டது என் வீட்டுக்காரி. அவளிடம் ஒரு பேங்க் மேனேஜரம்மா வண்டி கற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் என்னிடம் கற்றவர்தான். பயந்த சுபாவம், ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே கை வேர்த்துவிடும். அவருக்கு நான் தினமும் சொல்கிற மந்திரம், "பயப்படாதீங்க மேடம், என் பக்கமும் பிரேக் இருக்கு. நீங்க விட்டாலும் நான் பிடிச்சுடுவேன்" என்பதுதான். நம் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டென்று உனக்குத் தெரியுமே. அன்று ஒரு காய்கறி வண்டி குறுக்கே வந்திருக்கிறது. இவள் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை! இன்னொரு மிதி. ஒன்றும் இல்லை! "ஐயோ, பிரேக் இல்லை!" என்று இவள் அலற, மேனேஜரம்மா தானாகவே தன் பிரேக்கை மிதித்து, காய்கறிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் நுழையும் இடம் விட்டு நிறுத்திவிட்டார். மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், உங்க பக்கத்துக் கேபிள் அறுந்து துருவே பிடிச்சுப்போச்சு. இது இன்னிக்கு நேத்து அறுந்ததில்ல. இவ்வளவு காலமும் எதை மிதிச்சீங்க?" என்று கேட்டான்.

எதை மிதித்தேனோ, எனக்கே தெரியவில்லை! நான் மிதிப்பேன், வண்டி நிற்கும். நான் நிறுத்தினேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கால் அசைவதைப் பார்த்து அவர்கள்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மேனேஜரம்மா சண்டைக்கு வருவார் என்று ஒதுங்கி நின்றேன். அவரோ, "அப்ப இத்தனை நாளும் நான்தான் நிறுத்தினேனா?" என்று கேட்டுவிட்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தார். கேபிளைப் புதிதாகப் போட்டாயிற்று, டெஸ்டிலும் அவர் முதல் தடவையே தேறிவிட்டார். ஆனால் எனக்கு அன்று பகல் முழுக்க ஒரே யோசனை. என் பிரேக்கே இப்படி என்றால், என் மாத்திரை எப்படியோ? மாவை நம்பியா முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன்? மாவை நம்பியா அக்காவைப் பார்க்க மலையேறப் போகிறேன்? இதை நினைத்தேனோ இல்லையோ, வயிற்றில் ஹார்ன். நேரே டாக்டரம்மாவிடம் போய், "உண்மையைச் சொல்லுங்க, எனக்குக் கேபிள் இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். அவர் பாவம், "என்ன கேபிள் சார்?" என்றார். கதையைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டு, "எனக்கு இன்னமும் தெரியாது சார். ஆனா வலி குறைஞ்சது மாவு இல்ல. அது நிஜம். அதை நான் எழுதி வச்சிருக்கேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம், இனி பயமில்லை என்று அனுமதியும் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வயிற்றைப் பற்றி இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

ஆகையால் அக்கா, முடிவு பண்ணிவிட்டேன். நிஜமோ மாவோ, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். உன் மகன் லீவுக்கு வந்து இறங்குவதற்குள் உன்னை மாமாவின் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வரவைக்கிறேன். காரை விற்கிற பேச்சை அவன் எப்படி எடுக்கிறான் என்று பார்த்துவிடலாம். செருப்புகளை எடுத்து உள்ளே வை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார். நான் வரும்வரை வேறு எந்த மாஸ்டர் பேச்சையும் கேட்காதே, கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது அக்கா, அதுதான் விஷயம். உனக்கு என் நமஸ்காரம். உன் மகனுக்கு என் ஆசீர்வாதம், கொஞ்சம் கோபத்தோடு. இவள் உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. உறையில் உன் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹார்ன். தேவையே இல்லாத இடத்தில் விடாமல் அடித்ததிலிருந்து யாரோ புதிதாகக் கற்றவர் என்று தெரிந்தது. எட்டிப் பார்த்தால் மாமாவின் கார், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து நீ இறங்குகிறாய்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "நகருடா, பாத்ரூம் எங்க?"

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாயே, அதை எழுதி வைத்துக்கொள்கிறேன். "உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? எனக்கும் இதே வயிறுதான்டா. நீ ஆம்பளை, ஊரெல்லாம் சொல்லிட்டு மருந்து வாங்கிட்டியாம், உன் பொண்டாட்டி இப்பத்தான் சொன்னா. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? பஸ்ல போனா டிரைவரைக் கெஞ்சணும். அந்த வெக்கத்துலதான் நானும் உன்னைப் பாக்க வரல. சொந்தமா ஓட்டினா நினைச்ச இடத்துல நிறுத்தலாமே, அதுக்குத்தான் வண்டி வண்டின்னு உன் உயிரை வாங்கினேன்." அப்படியானால் யாரிடம் கற்றாய் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "உன்கிட்டத்தான். நீ போன்ல சொன்னதையெல்லாம் செஞ்சேன். லைசென்ஸ் வாங்கற வரைக்கும் சட்டத்துக்காகப் பக்கத்துல ஒரு மாஸ்டரை உக்காரவச்சிருந்தேன், வாயைத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்னு சொல்லிட்டேன். உன்கிட்டப் பேசினா உளறிடுவேன்னுதான் போனை எடுக்கல." சரி, வழியில் கழிப்பறையே கிடையாதே, என்ன செய்தாய் என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வீடு இருந்ததுல்ல? கதவைத் தட்டினேன். எல்லாரும் உள்ள விட்டாங்க. ஒரு வீட்டுல காபி குடுத்து, நிதானமாப் போங்கம்மான்னு சொல்லி அனுப்பினாங்க" என்றாய். இந்த ஊரில் உள்ள கழிப்பறை அத்தனையும் எனக்குத் தெரியும் அக்கா. ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இப்போது நீ உள்ளறையில் அசந்து தூங்குகிறாய், மாத்திரை எதுவும் போடாமலே. இதை உன் தலைமாட்டில் வைக்கிறேன், எழுந்ததும் படி. டாக்டரம்மாவிடம் உன்னையும் கூட்டிப்போகிறேன், கூச்சப்படாதே, நல்ல பெண். கார் பாதி வாசலிலும் பாதி தெருவிலும் நிற்கிறது, பால்காரர் சுற்றிக்கொண்டு போகிறார். நான் எடுத்து நிறுத்தலாம் என்றால் எனக்கு இன்னும் ஓட்ட அனுமதி இல்லை. நீ எழுந்து வா, ரிவர்ஸ் சொல்லித் தருகிறேன். இந்த வண்டியில் என் பக்கம் பிரேக்கே கிடையாது. நான் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், நிறுத்துவது நீதான்.